பிளஸ் ஒன்னில் எந்த அறிவியல் குரூப்? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான்: "என் பெண் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 431 வாங்கியிருக்கிறாள். கணக்கு 78, அறிவியல் 91. முதல் குரூப் எடுத்தால்தான் எதிர்காலம் என்கிறார் அவள் சித்தப்பா. ப்யூர் சயின்ஸ் போதும் என்கிறாள் அவள். பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். நாங்கள் இருவருமே பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. இவற்றுக்குள் என்ன வித்தியாசம், எதைச் சேர்ப்பது?"

அம்மா, இந்தக் கேள்வியை ஏறக்குறைய இதே சொற்களில் முப்பத்தோரு வருடம் கேட்டிருக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருந்தவன் நான். பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளிலிருந்து சேர்க்கை மேசையில் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். எதிரே ஒரு தாயோ தகப்பனோ இருப்பார். பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளை. பின்னால் தவறாமல் ஒரு சித்தப்பா. பேசுவது பெரும்பாலும் சித்தப்பாதான்.

பெயர்களில் உள்ள மயக்கத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் மொத்தம் ஆறு பாடங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் எல்லோருக்கும் உண்டு. அறிவியல் பக்கம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இயற்பியலும் வேதியியலும் பொது. ஆக நான்கு இடம் நிரம்பிவிட்டது. நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுக்கப்போவது மீதி இரண்டு இடங்களை மட்டும்தான். அந்த இரண்டில் கணக்கும் உயிரியலும் உட்கார்ந்தால் ஊரார் சொல்லும் முதல் குரூப். கணக்கும் கணினி அறிவியலும் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக வந்தால் ப்யூர் சயின்ஸ். இவை தவிர, உயிரியலோடு கணினி அறிவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மனையியல் என்று சேர்த்து நடத்தும் பள்ளிகளும் இருக்கின்றன. கணக்கோடு புள்ளியியல் வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. ஆனால் உங்கள் ஊரில் அவை இருக்கின்றனவா என்பது வேறு விஷயம். அரசாணையில் இருக்கும் பாடமெல்லாம் அடுத்த தெருப் பள்ளியில் இருந்துவிடாது.

"முதல்" என்ற சொல்லில் தரம் எதுவும் இல்லை, பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பள்ளிகள் மதிப்பெண் அதிகமான பிள்ளைகளை அதில் போட்டுப் போட்டு, அதுவே தரவரிசை ஆகிவிட்டது. சித்தப்பா காலத்தில் அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கல்லூரிகளில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பாக இருந்ததை எடுத்துவிட்டு 1978இல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளைத் தொடங்கினார்கள். அதற்குப் பிந்திய இருபது வருடம் டாக்டர், இன்ஜினீயர் என்ற இரண்டு கனவுதான் நடுத்தர வீடுகளில் இருந்தது. இரண்டு கதவையும் திறந்து வைக்கும் குரூப் அது ஒன்றுதான்.

கதவு என்று சொல்லிவிட்டேன், அதை வைத்தே மீதியைச் சொல்கிறேன். கணக்கை விட்டால் என்ன மூடும்? பொறியியல் மூடும். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். 200க்குப் போடும் கட் ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதாவது பாதி கணக்கிலேயே இருக்கிறது. கட்டடக் கலை மூடும். பி.எஸ்சி. இயற்பியல், பி.எஸ்சி. கணிதம் மூடும். ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் போகிற ஜே.இ.இ. தேர்வு மூடும். கப்பல் துறைப் படிப்புகள், விமானி பயிற்சி, தேசிய பாதுகாப்பு அகாடமியின் கடற்படை, விமானப்படைப் பிரிவுகள் மூடும். அந்த அகாடமித் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்றானது 2021இல்தான். பெண் பிள்ளைக்கு எதற்கு அதெல்லாம் என்று சித்தப்பா சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உயிரியலை விட்டால் என்ன மூடும்? நீட் தேர்வு, அதன் வழியே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்த மருத்துவம். ஆனால் உயிரியல் என்றாலே நீட் என்று நினைப்பது பெரிய பிழை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மை, கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள், மீன்வளம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் எல்லாவற்றுக்கும் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தான் பார்த்து வருகிறார்கள். இவற்றில் பி.பார்ம் மட்டும் கணக்கு படித்தவர்களுக்கும் உண்டு. நர்சிங் முடித்துச் சம்பாதிக்கும் என் பழைய மாணவிகள், நீட்டுக்கு மூன்று வருடம் செலவழித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களைவிட எண்ணிக்கையில் அதிகம். அவர்களைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

இரண்டையும் வைத்திருப்பவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு, ஊரில் அதிகம் பேர் அறியாதது. ஐசர் என்று மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள் ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஆராய்ச்சிப் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அந்த இடங்களைத்தான். அதன் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்விகள். மூன்று பாடம் படித்திருந்தாலே எழுதலாம் என்றாலும், நான்கையும் படித்தவருக்குக் கால்வாசித் தாள் கைவிட்டுப் போவதில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை. "கம்ப்யூட்டர் இன்ஜினீயர் ஆக வேண்டுமென்றால் அதுதான் எடுக்க வேண்டும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். தேவையில்லை. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்வதற்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் போதும். முதல் குரூப் படித்தவரும் சேரலாம். பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்று பாடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது விருந்து. ஆனால் கதவுக் கணக்குப்படி பார்த்தால், கம்ப்யூட்டர் குரூப் திறக்கும் கதவுகளில் அநேகமாக எல்லாமே முதல் குரூப்புக்கும் திறக்கின்றன. அப்படியென்றால் யாருக்கு அந்தக் குரூப்? தாவரங்களின் உள்ளமைப்புப் படங்களைப் பார்த்தாலே கொட்டாவி விடும் பிள்ளைக்கு. பாடம் ஒன்று லேசாகும், கணக்குக்கு நேரம் கிடைக்கும். இடையில் மனம் மாறினாலும் வழி முழுவதும் அடைந்துவிடுவதில்லை. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் ஒப்புக்கொண்டது. சுற்றுவழிதான், ஆனால் வழி.

இனி உங்கள் பெண். அறிவியலில் 91 என்பது நல்ல மதிப்பெண், ஆனால் அதில் 25 செய்முறைக்கு உரியது. பள்ளிகள் அதில் தாராளமாக இருப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். என் கண் நின்றது கணக்கில் உள்ள 78இல். அந்த 22 எங்கே போனது என்று தெரியாமல் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண். காம்பஸும் அளவுகோலும் வைத்துப் பத்து தடவை போட்டுப் பார்த்த எந்தப் பிள்ளையும் அதை எடுத்துவிடும். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளைக் கரையேற்ற நாங்களே அதைத்தான் முதலில் பிடிப்போம். அந்தப் பதினாறும் கைக்கு வந்து, இயற்கணிதத்தில் 22 போயிருந்தால் பிளஸ் ஒன் கணக்கு அவளுக்கு மலையாக இருக்கும். ஏனென்றால் அங்கே வரையும் வேலை குறைவு, எழுத்துகளை இடம் மாற்றும் வேலைதான் முழுக்க. மாறாக, நேரம் போதாமல் கடைசி இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்விகளை விட்டிருந்தால், 78 என்பது 88 தான். கவலைப்பட ஒன்றுமில்லை.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டாம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதம், முக்கோணவியல் என்று இரண்டு அத்தியாயங்கள் இருக்கும். அவள் முன்பு செய்யாத கணக்காக ஐந்தை அவள் ஆசிரியரிடமோ, கல்லூரியில் படிக்கும் தெருப் பிள்ளையிடமோ எழுதி வாங்குங்கள். அவளை ஒரு மணி நேரம் தனியாக உட்கார வையுங்கள். விடை சரியா என்பது இரண்டாவது. முதல் முயற்சி தப்பிய பிறகு காகிதத்தைத் திருப்பி வேறு வழியில் தொடங்குகிறாளா, அல்லது பேனாவை மூடி வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்க்கிறாளா? வகுப்பில் நாற்பது பேரை ஒரே நேரத்தில் பார்த்து நான் தெரிந்துகொண்டது இதைத்தான். தப்பான விடையோடு நாலு பக்கம் எழுதிய பிள்ளைகள் பிற்பாடு தேறிவிட்டார்கள்.

அவளே ப்யூர் சயின்ஸ் என்று சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் ஏன் என்று கேளுங்கள். செடியும் பூச்சியும் பிடிக்கும் என்றால் நல்லது. கணக்கு இல்லை என்பதுதான் காரணம் என்றால் ஒரு செய்தியை அவளுக்குச் சொல்ல வேண்டும்: ப்யூர் சயின்ஸிலும் கணக்கு இருக்கிறது. இயற்பியல் புத்தகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாம் அத்தியாயம் இயக்கவியல். பள்ளி திறந்து மாதம் ஒன்று ஆவதற்குள் அங்கே வகைக்கெழு வந்துவிடும், தொகையிடல் வந்துவிடும், வெக்டர் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், கணக்குப் பாடத்தில் அந்த வகைக்கெழுவும் தொகையிடலும் அடங்கிய நுண்கணிதம் இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. ஜூலையில் இயற்பியல் ஆசிரியருக்குத் தேவைப்படுவதைக் கணக்கு ஆசிரியர் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது நடத்துவார். முப்பது வருடமாக நானும் என் கணக்கு நண்பரும் இதற்காகச் சண்டை போட்டோம். கடைசியில் ஜூலையில் நானே ஒரு வாரம் சாக்பீஸை எடுத்து நுண்கணிதம் நடத்திவிட்டுத்தான் இயற்பியலுக்குள் போவேன். கணக்கு எடுத்த பிள்ளைகளுக்கு அது பிறகு ஒரு முறை விளக்கமாகக் கிடைக்கும். ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு என்னுடைய அந்த ஒரு வாரம்தான் மொத்தமும். கணக்குக்குப் பயந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் இயற்பியலில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆகவே என் கருத்து: அந்த ஒரு மணி நேரத்தில் அவள் விடாமல் போராடினால், கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். பாரம் உண்டு, மறைக்க மாட்டேன். உயிரியல் என்று ஒரு பாடமாகச் சொன்னாலும் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று புத்தகம் இரண்டு, ஆசிரியர் இரண்டு பேர், தேர்விலும் முப்பத்தைந்து முப்பத்தைந்தாக இரண்டு பகுதி. பேனாவை மூடி வைத்துவிட்டால், யோசிக்காமல் ப்யூர் சயின்ஸில் போடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. நீட், நர்சிங், வேளாண்மை, கால்நடை எல்லாம் அங்கேயும் திறந்திருக்கின்றன. கணக்கில் தள்ளாடி, அந்தப் பதற்றத்தில் வேதியியலும் போய், கடைசியில் நாலு பாடத்திலும் ஐம்பது வாங்கும் பிள்ளையைவிட, மூன்றில் தொண்ணூறு வாங்கும் பிள்ளைக்குத்தான் இடம். சேர்ந்த பிறகும் முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தால் குரூப் மாற்றிக்கொள்ள இடம் கொடுப்பார்கள். காலாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

மதிப்பெண் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடத்துக்கு 100, மொத்தம் 600. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. சித்தப்பா 1200க்கு எத்தனை என்று கேட்பார், அது பழைய கதை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், குரூப்பைவிட அது முக்கியம். அரசுப் பள்ளியிலிருந்து அவளை வெளியே எடுக்காதீர்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே மாதிரி ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற கணக்கு உண்டு. ஐந்து வருடம் உங்கள் பெண் சேர்த்து வைத்த உரிமை இது.

என் உறவிலேயே ஒரு பையன். பத்தாவது வரை அரசுப் பள்ளி, 470க்கு மேல் மதிப்பெண். தகப்பனார் நிலத்தை அடகு வைத்து விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தார். அங்கே பதினோராம் வகுப்புப் புத்தகத்தை ஆகஸ்டிலேயே ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வருடமும் அதையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பிளஸ் டூவில் மதிப்பெண் குவிந்தது. நீட்டிலோ ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்பிலிருந்து வரும். அவன் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மாமா, இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டான். அப்போது 7.5 ஒதுக்கீடு வந்திருக்கவில்லை. இன்றாக இருந்தால் அவன் மதிப்பெண்ணுக்கு அதில் இடம் கிடைக்கக் கூடும். ஆனால் பிளஸ் ஒன்னில் வெளியேறிய பிள்ளைக்கு அதுவும் இல்லை. அடகு மீண்டதா என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது உண்மை. ஆனால் பதினொன்றைத் தாண்டிக் குதிக்கும் பள்ளிகளுக்கு மறுபடியும் வசதியாகிவிட்டது. பொதுத்தேர்வு இல்லையென்று உங்கள் பெண் அந்த ஒரு வருடத்தை லேசாக எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்றும் சேர்க்கையின்போது கேட்பார்கள். பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்குத் தாவுவது பலரும் செய்வது. நான் பார்த்தவரை முதல் ஆறு மாதம் அந்தப் பிள்ளைகள் அறிவியல் படிப்பதில்லை, அகராதி படிக்கிறார்கள். முடுக்கம், உந்தம், திருப்புவிசை என்று மனத்தில் பதிந்த பொருளையெல்லாம் வேறு பெயரில் மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். தமிழ் வழியிலேயே தொடரட்டும் என்பேன். நீட், ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு இரண்டையும் தமிழில் எழுத முடியும். அரசு வேலைக்குத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. ஆனால் கல்லூரி ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று பாடம் நடக்க நடக்க எழுதி வரச் சொல்லுங்கள். அரசுப் பாடநூல்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்க்கலாம். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு நிரம்பும். கல்லூரி முதல் வருடத்தில் அவள் முழிக்க மாட்டாள்.

பள்ளிக்கு வெளியே அறிவியல் கற்க என்ன இருக்கிறது என்பதையும் சொல்கிறேன், இது பெரும்பாலும் நம் பிள்ளைகளின் காதுக்கே வருவதில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து சமர்ப்பிக்கலாம். என் மாணவிகள் இரண்டு பேர் ஊர்க் கிணறுகளின் உப்புத்தன்மையை மூன்று மாதம் அளந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் அவர்கள் கற்ற வேதியியல் என் பள்ளியில் யாரும் கற்றுக்கொடுத்ததைவிட அதிகம். அதே இயக்கத்தின் 'துளிர்' மாத இதழை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பாடம் உண்மையிலேயே ருசித்துவிட்ட பிள்ளைக்கு ஒலிம்பியாட் என்ற அறிவியல் போட்டித் தேர்வு இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் ஒவ்வொன்றுக்கும் முதல் கட்டத் தேர்வு நவம்பரில் நடக்கும், அடுத்த கட்டங்களை மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும். கடினம். வெல்ல வேண்டுமென்றில்லை, பழைய வினாத்தாளில் ஒரு கேள்வியோடு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதே ஒரு படிப்பு. சென்னை ஐ.ஐ.டி. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று தரவு அறிவியல், மின்னணுவியலில் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புகளைப் பள்ளிகள் மூலம் நடத்துகிறது. பள்ளி பதிவு செய்தால்தான் சேர முடியும், எனவே தலைமையாசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் என்ற இணையச் செயல்விளக்கங்களில் பல தமிழிலும் உள்ளன. மின்சுற்றை அலைபேசியிலேயே கட்டிப் பார்க்கலாம், சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. தம்பி தங்கை ஒன்பதாம் வகுப்பில் இருந்தால், இஸ்ரோவின் யுவிகா பயிற்சி அந்த வகுப்புக்காரர்களுக்கு என்பதை நினைவில் வையுங்கள். இவளுக்கு அது தாண்டிவிட்டது. ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காவலூர் வானாய்வகத்தை அவளுக்குக் காட்டுங்கள். அங்குள்ள தொலைநோக்கியின் 2.3 மீட்டர் கண்ணாடியை நேரில் பார்த்த பிறகு ஒளியியல் பாடத்தை வாசிப்பது வேறு மாதிரி இருக்கும்.

பிளஸ் ஒன்னே வேண்டாம் என்ற வழியும் உண்டு. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமா, பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் டிப்ளமா வழியாகப் போனவர்தான். உங்கள் பெண்ணுக்கு இயந்திரங்களில் கை அரிப்பு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, அதனால் நீட்டவில்லை. மேல்நிலையிலேயே தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம், வேளாண் அறிவியல், அடிப்படை மின் பொறியியல் போன்றவை சில பள்ளிகளில் இருக்கின்றன. பத்தாவதில் தட்டுத் தடுமாறிய பிள்ளைகளுக்கு அவை நல்ல இடம்.

கடைசியாக ஆய்வகம். எந்தக் குரூப்பானாலும் நான் இதைப் பார்த்துத்தான் பள்ளியை முடிவு செய்வேன். நிறமாலைமானி என்று, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஒரு கருவி இருக்கிறது. விலை அதிகம், மென்மையானது. சில பள்ளிகளில் அதைத் துணி போர்த்தி அலமாரியில் வைத்து, செய்முறைத் தேர்வன்று மட்டும் சாமி புறப்பாடு மாதிரி வெளியே எடுப்பார்கள். பிள்ளைகள் அளவீடுகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வந்து எழுதிவிட்டுப் போவார்கள். இருபதுக்கு இருபது. நான் மாற்றலாகிப் போன ஒரு பள்ளியில் அலமாரிப் பூட்டு துருப்பிடித்து, திறக்க ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

இன்னொரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஒருவர் இருந்தார். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், கண்டிப்பாகத் தரம் பார்த்தல், அதாவது டைட்ரேஷன். பெர்மாங்கனேட் கரைசலைப் பியூரெட் என்ற அளவுக் குழாயில் நிரப்பி, கீழே கூம்புக்குடுவையை ஆட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஊதா நிறம் விழுந்த இடத்திலேயே மறைந்துகொண்டே வரும். ஏதோ ஒரு சொட்டில் மறையாமல், தண்ணீரில் ரோஜா இதழைக் கசக்கியதுபோல் மெல்லிய இளஞ்சிவப்பு நிற்கும். அந்தச் சொட்டோடு நிறுத்த வேண்டும். ஒரு பெண் மூன்று வாரம் தொடர்ந்து ஒரு சொட்டு அதிகமாக விட்டு, குடுவை முழுவதும் அடர் நிறமாகி, கண் கலங்கி நின்றாள். நாலாவது வாரம் குழாயைப் பாதி திறந்த நிலையில் விரலால் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். நிறம் நின்ற நொடியில் அவள் யாரையும் கூப்பிடவில்லை, குடுவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது ஒரு மருந்து ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். படித்தது ப்யூர் சயின்ஸ்.

ஆகவே சேர்க்கைக்குப் போகும்போது சித்தப்பாவை வீட்டில் விட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் எல்லாம் எடுத்துக்கொள்வீர்கள், அது எழுத்தரே சொல்வார். மேசையில் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஐந்துக்கும் முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, காலியிடமா? காலியிடம் என்றால் இந்த வருடம் யார் நடத்துகிறார்? கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நானாக இருந்தால் சந்தோஷப்படுவேன். கணக்குக்கு ஆளில்லாத பள்ளியில் முதல் குரூப் எடுப்பதைவிட, பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி ஆள் இருக்கும் அரசுப் பள்ளிக்குப் போகலாம்.

பிறகு, பிள்ளை ஆய்வகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லுங்கள். சாவி எங்கே என்று நாலு பேர் நாலு பக்கம் தேடினால் பேசாமல் திரும்பி வாருங்கள். அது ஆசிரியரின் மேசை இழுப்பறையிலேயே இருந்தால், உள்ளே போய் மேசை மேல் விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். தூசி இல்லாமல், அங்கங்கே அமிலம் பட்டுக் கறுத்த வட்டங்கள் இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.